ஷாகுலின் ஆறு நிமிடம்

போன மாதம் பெரம்பலூரிலிருந்து ஓர் இளம் உடற்கல்வி ஆசிரியர் போன் செய்தார். அவர் பயிற்சி கொடுக்கும் பாஸ்கெட்பால் டீமில் முக்கியமான ஆட்டக்காரருக்கு முழங்கால் அடிபட்டுத் தேறியிருக்கிறதாம். இனி முழு ஆட்டம் ஆட விட முடியாது, பெஞ்சில் வைத்து அளவாகத்தான் இறக்க வேண்டும். "எப்படி சார் சொல்றது? மூஞ்சியப் பாத்தா வார்த்தையே வரமாட்டேங்குது" என்றார். நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் பேசியும் பாதிக் கதைதான் முடிந்திருந்தது, அதற்குள் என் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதியோடு சேர்த்து முழுவதையும் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோச் ஆனதில் பெரிய கதை ஒன்றுமில்லை. சொந்த ஊர் திருமானூர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் பிரிவில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆடியிருந்ததால் ஆலை டீமில் எடுத்துக்கொண்டார்கள். ஆடி ஓய்ந்த வயதில் ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் வெல்ஃபேர் ஆபீசில் ஒரு நாற்காலியும் கழுத்தில் ஒரு விசிலும் கிடைத்தன. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் மாஸ்டர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த கோர்ட்டைக் காலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால்தான் ஆட முடியும். இல்லையென்றால் சிமெண்ட் தூசியில் கால் வழுக்கும். அந்தக் கழுவும் வேலையையும் சேர்த்துத்தான் கோச் வேலை.

ஷாகுல் ஹமீது அந்த டீமின் நட்சத்திரம். லப்பைக்குடிக்காட்டுக்காரன். அவனுடைய அத்தாவும் அண்ணனும் வளைகுடாவில் சம்பாதித்தவர்கள். தெருவில் பாதிப் பேர் அங்கேதான். இவன் மட்டும் வந்த விசாவை இரண்டு முறை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பந்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆலைக்கு வந்து சேர்ந்தான். பந்தை வாங்கி மேலே எழும்பினால், இறங்க மனமில்லாதவன் மாதிரி ஒரு நொடி அங்கேயே நிற்பான். இரண்டாம் ஷிப்டு ஆட்கள் அவன் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே அரை மணி முன்னதாகச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பார்கள்.

அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன். அப்படி வந்தவர்கள் மூன்று வருஷம் டிரெய்னி. வருஷத்துக்கு இரண்டு போட்டியிலாவது ஆலைக்காக ஆடியதற்கு ஸ்கோர் ஷீட்டின் நகல் ஃபைலில் சேர வேண்டும். மூன்றாம் வருஷ முடிவில் பர்சனல் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் பெர்மனென்ட். போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஷாகுலின் வீடு என்றால் அடுத்த விமானம் என்று அர்த்தம்.

மூன்றாம் வருஷம் தொடங்குவதற்குச் சற்று முன், திருச்சியில் ஒரு ஆட்டத்தில் பந்தைப் பிடித்து இறங்கியவன் இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கினான். முழங்காலில் சவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன், கட்டு, நடை பழகுவது என்று ஏழு மாதம் ஓடியது. கடைசியாகப் பார்த்தபோது திருச்சி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு ஆட்டத்தில் ஆறு நிமிடம், மிஞ்சினால் எட்டு. அதுவும் உடம்பு சூடாக இருக்கும்போது மட்டும். முழு ஆட்டம் ஆடினால் அடுத்த ஆபரேஷனுக்கு வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு வந்தோம்.

இங்கே ஸ்கோர் ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் கோச் மேசைக்குப் போய், தன் பன்னிரண்டு பேரில் முதலில் இறங்கும் ஐந்து பேரின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த ஐந்து பேரும் இறங்கியதும் ஸ்கோர் எழுதுகிறவர் அந்தக் குறிகளைச் சுற்றி வட்டம் போடுவார். பிறகு பெஞ்சிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வெறும் பெருக்கல் குறிதான், வட்டம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் எங்கள் பையன்கள் கார்பன் நகலைத்தான் முதலில் பிடுங்கிப் பார்ப்பார்கள். வட்டம் வாங்கியவன் அன்றைக்கு ஆள், வாங்காதவன் சோடா வாங்கப் போக வேண்டியவன். போதாததற்கு எங்கள் பக்கத்துப் போட்டிகளில், ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் பெயர் சொல்லி அந்த ஐந்து பேருக்கு மட்டும்தான் சிறப்பு விருந்தினர் கை கொடுப்பார்.

அந்த நகல்கள் போய்ச் சேரும் இடம் சேஷாத்ரி சாரின் மேஜை. பர்சனல் மேனேஜர். எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படிக்கிறவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்பது அவர் கொள்கை. காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பென்சிலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே போவார். நாம் "அதாவது சார்..." என்று இழுத்தால் நிமிராமலே "வாக்கியத்தை முடிங்க" என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஐந்நூறு பேர் வேலை செய்கிற ஆலையில் அவர் அறைக்குள் போகுமுன் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்காதவர் கிடையாது. எட்டு வருஷமாக நான் கொண்டுபோய்க் கொடுக்கும் நகல்களில் அவருடைய பென்சில் வட்டங்களில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வட்டம் இல்லாத மூன்றாம் வருஷ ஃபைல் அந்தப் பென்சிலைத் தாண்டாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வருஷத்தில் இரண்டே போட்டிகள்தான் மீதியிருந்தன. முதலாவது பெரம்பலூரில், அடுத்தது அரியலூரில். பெரம்பலூரில்தான் நான் என் மூளையைக் காட்டினேன். ஷாகுலை முதல் ஐந்தில் போட்டுவிடுவது. கை கொடுத்தாயிற்று, வட்டமும் விழுந்தாயிற்று என்று இரண்டாவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவது. கால் பிழைக்கும், ஃபைலும் பிழைக்கும். அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டிய குரும்பலூர் செல்வத்திடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். ஷாகுலிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை, அதற்குத் தந்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். லீவில் வந்திருந்த அவன் அண்ணன் அப்பாஸும் வந்திருந்தார். மைக்கில் ஷாகுல் பெயரைச் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. இரண்டு நிமிடத்தில் மணி அடித்தது, செல்வம் உள்ளே போனான். ஷாகுல் என்னைப் பார்த்தான். நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன். அவன் பெஞ்சின் கடைசியில் போய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வேன் ஆட்கள் என்ன தப்பு செய்தான், ஏன் எடுத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது எனக்கே கேட்டது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நாலாவது குவார்ட்டரில் பன்னிரண்டு பாயிண்ட் பின்தங்கினோம். கூட்டம் ஷாகுல், ஷாகுல் என்று கத்தியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து ஆறிப்போயிருந்த காலோடு அவனை இறக்கினேன். பந்தை வாங்கித் திரும்பிய முதல் அடியிலேயே முழங்கால் மடங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தெரியாமல் எடுத்ததும் நான், பயந்துபோய்த் திரும்ப இறக்கியதும் நான். இந்த முப்பது வருஷத்தில் வெட்கப்பட வேண்டியதைச் சொல்லச் சொன்னால் அந்த மாலையைத்தான் சொல்வேன்.

அவனைத் தூக்கி வேனில் ஏற்றியபின் அப்பாஸ் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "மாஸ்டர், இவனுக்கு இன்னொரு விசா எடுத்திருக்கேன், இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் கையில இருக்கும். சூப்பர் மார்க்கெட்டுல உக்காந்து பாக்குற வேல, காலுக்கு நோவில்ல. நான் சொன்னா கேக்க மாட்டான். நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தலையாட்டினேன்.

நல்லவேளையாக ஸ்கேனில் புதிய கிழிசல் எதுவும் இல்லை. வெறும் வீக்கம்தான், பத்து நாள் ஓய்வு போதும் என்றார்கள். அந்தச் சேதியை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் சாயங்காலம் ஷாகுலின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் விசாவைப் பற்றி ஆரம்பிக்குமுன் அவனே பேசினான்.

"டாக்டர் சொன்னத நானுந்தானே கேட்டேன் மாஸ்டர். பெஞ்சுல உக்காருன்னா உக்காந்திருப்பேன். கை குடுக்க வச்சு ரெண்டு நிமிஷத்துல தூக்குனீங்க பாருங்க, அதான் தாங்கல."

வட்டத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்றேன். ஃபைல், கையெழுத்து, பென்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், தானும் அந்த வட்டத்துக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை, டாக்டர் சொன்னதை நான் மறந்திருந்தால் நல்லது என்று இருந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு கேட்டான்: "வட்டம் வேணும்னு சார் சொன்னாரா?"

"சொல்லல."

"யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். யாருமே சொன்னதில்லை.

"போயிக் கேட்டுட்டு வந்துருங்க மாஸ்டர். முடியாதுன்னுட்டா நான் ஃப்ளைட்டு ஏறிக்கிறேன். ஆனா கேக்காமயே என்னய ஏத்தி வுட்டுறாதீங்க."

மறுநாள் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு சேஷாத்ரி சார் அறைக்குள் போனேன். ஷாகுல் விஷயமாக சார், என்று இழுத்தேன். வாக்கியத்தை முடிங்க என்றார். முடித்தேன். அவன் இனி முதல் ஐந்தில் ஆட முடியாது, ஆடினால் பெஞ்சிலிருந்து ஆறு நிமிடம்தான். அவர் அலமாரியிலிருந்து விதிகள் ஃபைலை எடுத்து, பக்கத்தைத் திருப்பி என் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். ஆண்டில் குறைந்தது இரண்டு போட்டிகளில் ஆலை அணிக்காக ஆடியிருத்தல் வேண்டும் என்று படித்தேன்.

"இதுல முதல் அஞ்சு பேர்னு எங்க இருக்கு?"

இல்லை சார் என்றேன். ஸ்கோர் ஷீட்டில் வட்டம் இருக்குமே, தாங்கள்கூட அதைப் பென்சிலால் பார்ப்பீர்களே என்று கேட்டேன்.

அவர் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "அந்த வட்டமா? அது சாப்பாடு டோக்கன் வாங்கினவங்களுக்குன்னுதான் நெனச்சேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எட்டு வருஷமாகப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு மட்டும் ஏன் சோறு போடுகிறான் இந்த மாஸ்டர் என்றுதான் அந்தப் பென்சில் அங்கே நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஒரு ஆளின் காலை உடைக்கப் பார்த்தேனே இதற்காக என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது நிஜம்.

அவர் முழுவதும் விட்டுவிடவில்லை. வட்டம் வேண்டாம், ஆனால் பெருக்கல் குறி கட்டாயம் வேண்டும். பெரம்பலூர் ஒன்று ஆயிற்று, அடுத்த போட்டியிலும் கோர்ட்டில் இறங்கியிருக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டு மட்டும் வந்தவருக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கூடவே இன்னொன்று கேட்டார். "இந்த ஆளு டீமுக்கு இனிமே எதுக்கு வேணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. போன வருஷக் கதை வேண்டாம்."

அந்த ஒரு பக்கம் என்னை மடக்கிவிட்டது. ஷாகுல் ஹமீது மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று எழுதினேன். போன வருஷக் கதை. அடித்தேன். அனுபவசாலி என்று எழுதினேன். அதுவும் அதே கதைதான். இத்தனை வருஷம் பெஞ்சு என்றால் மிச்சம் மீதியை உட்கார வைக்கிற இடம் என்றே நினைத்து வந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து ஒருவன் என்ன வேலை செய்வான் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு ஷாகுலிடமே போனேன்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். பெரம்பலூரில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான் என்று நான் நினைத்த ஒரு மணி நேரத்தில், அவன் எதிரணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அரியலூரிலும் எங்களோடு மோதப்போகிற அதே அணி. அவர்களுடைய உயரமான எட்டாம் நம்பர் மூன்றாவது குவார்ட்டர் பாதியில் மூச்சு வாங்குவான், அப்போது கை நீட்டி ஃபவுல் செய்வான், அதற்குள் நாலு ஃபவுல் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் களைக்காத காலோடு ஒரு ஆள் இறங்கி அவனை இழுத்தால் ஐந்தாவது ஃபவுலில் வெளியே போய்விடுவான். அதற்கு ஆறு நிமிடம் போதும்.

"கால் ஆறிப்போயிடுமே?" என்றேன்.

"வூட்டுல சைக்கிள ஸ்டாண்ட் போட்டுத்தான் மிதிக்கச் சொல்லியிருக்காங்க. அத பெஞ்சுக்குப் பின்னாடி கொண்டாந்து போட்டா என்னா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதையும் அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினேன். சேஷாத்ரி சார் நின்றுகொண்டே படித்தார். சைக்கிள் வரியில் பென்சில் கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது.

அரியலூர் போட்டியில் நடுவர் சைக்கிளைக் கண்டு திகைத்துப்போனார். விதிப் புத்தகத்தில் சைக்கிளைப் பற்றி எதுவும் இல்லை. கோர்ட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மைக்கில் ஐந்து பெயர்களைச் சொன்னார்கள், செல்வம் வரைக்கும் கை கொடுத்தார்கள், ஷாகுல் பெயர் வரவில்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் ஒருவர் "என்னா பாய், எந்த ஊருக்குக் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"மூணாவது குவார்ட்டருக்கு" என்றான். அந்தப் பக்கமே சிரித்தது. அதன்பிறகு யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

மூன்றாவது குவார்ட்டரில் நாலு நிமிடம் மீதி இருந்தபோது எட்டாம் நம்பருக்கு நாலாவது ஃபவுல் விழுந்தது. ஷாகுல் சைக்கிளை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். தலையசைத்தேன். ஆளை மாற்றுவதைக் கோச் கேட்கக் கூடாது, இறங்கப் போகிறவன்தான் மேசைக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். அதுதான் விதி. அவன் நடந்துபோய், இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டிக் கேட்டான். மணி அடித்தது. எழுதுகிறவர் அவன் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

அவன் பழையபடி எழும்பவே இல்லை. பந்தை வாங்குவதும் கொடுப்பதும் எட்டாம் நம்பரை ஒட்டியே நிற்பதுமாக இருந்தான். இரண்டு கூடை போட்டான், மூன்றுக்கு வழி செய்து கொடுத்தான். மூன்றாவது குவார்ட்டர் முடியுமுன் எட்டாம் நம்பர் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே போனான். நாலாவதில் இரண்டு நிமிடம் ஆனபோது ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். ஆறு நிமிடம் முடிந்துவிட்டது. கூட்டம் அவனை எடுக்காதே என்று கத்தியது. இதை ஒளிக்க விரும்பவில்லை, இன்னும் இரண்டே நிமிடம் விடலாமா என்று என் மனசும் சபலப்பட்டது. செல்வத்தை எழுப்பாமல் நின்றேன். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றது. ஷாகுல் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, என்னைக் கேட்காமல், "செல்வம், எந்திரி" என்றான்.

செல்வம் மேசைக்கு ஓடினான். ஷாகுல் நொண்டாமல் நடந்து வந்து சைக்கிள் மேல் உட்கார்ந்தான். அந்த ஆட்டத்தில் நாங்கள் மூன்று பாயிண்டில் தோற்றோம். தோற்றுவிட்டு இவ்வளவு நிம்மதியாக இருந்த கோச் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். கயிற்றுக்குப் பின்னால் நின்று ஆட்டம் முழுவதையும் பார்த்த சேஷாத்ரி சார் நகலை வாங்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "வட்டம் இல்ல" என்றார். இல்லை சார் என்றேன். "சாப்பாடாவது போடுங்க அவருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பத்து நாளில் ஆர்டர் வந்தது. ஷாகுல் அதை வாங்கிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். அப்பாஸ் லீவு முடிந்து திரும்பிப் போயிருந்தார். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை, அவன் பேசியது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. பெர்மனென்ட் ஆகிவிட்டது என்றும், அந்த விசாவை மச்சானுக்குக் கொடுத்துவிடச் சொல்லியும் சொன்னான். அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பெரம்பலூரில் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டவன், பூத்துக்காரர், க்யூவில் நின்றவர்கள், நான் என்று எல்லோர் காதிலும் விழும்படி, வேலையில் என்ன பதவி என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான்:

"இல்லண்ணே, முழு மேட்சு இல்ல. நான் ஆறு நிமிஷம் ஆடுறேன்."